ஓர் எஞ்சினும் மூன்று வண்டிகளும்

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் புக்கிட் செலம்பாவிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவருடைய பாட்டனார் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அப்பெரியவர் தோட்டத்துக் கிராணி ஒருவரிடமிருந்து வாங்கிய மோரிஸ் மைனர் கார், அவர் மறைந்தபின் லயத்துக்குப் பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் தகரக் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்தது. இப்பொழுது பேரனுக்கு அதைத் தம் கையாலேயே புதுப்பித்து ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை பிறந்திருக்கிறது.

"ஐயா, பழைய 1,098 சி.சி. எஞ்சினையே கழற்றிப் புதுப்பிக்கவா? அல்லது வெட்டுக்கடையில் ஒரு வி-8 எஞ்சின் கிடைக்கிறது, அதை வாங்கிப் பொருத்தவா? கூட்டாளிகள் எல்லாரும் பெரிய எஞ்சின்தான் போட வேண்டும் என்கிறார்கள்" என்று கேட்டார். ஐந்தாண்டுச் சேமிப்பு அவர் கையில் இருந்தது. ஒருமுறை செலவிட்டால் மறுமுறை கிடைக்காத பணம்.

"தம்பி, நான் பட்டறைக்காரன் அல்லேன், வரலாறு சொல்லிக் கொடுத்தவன். எனவே உனக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். முடிவை நீயே செய்" என்றேன். அன்று அவரிடம் சொன்னதையே சற்று விரித்து ஈண்டு எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில், சென்னை மாநகருக்கு அருகே நடந்த வரலாறு. நம்மவர் பலர் மறந்துவிட்டது. அதன் நடுவே நிற்கும் கேள்வி என் மாணவர் கேட்ட அதே கேள்விதான்.

பெயரும் பொருளும்

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். பெரிய பிளாக், சின்ன பிளாக் என்று இளைஞர் பேசுகிறார்களே, பிளாக் என்பது யாது? எஞ்சினின் அடிக்கட்டு அது. பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்களைத் தன்னுள் கொண்ட ஒரே வார்ப்பு. மற்ற உறுப்புகள் யாவும் அதன்மேல் பூட்டப்படுவன.

இப்பெயர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஷெவர்லே நிறுவனம் 1955ஆம் ஆண்டுக் கார்களுக்காக 265 கன அங்குலம், அதாவது 4.3 லிட்டர் அளவுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. மெல்லிய சுவருடைய, அடக்கமான வார்ப்பு. 1958இல் கனத்த கார்களுக்கும் லோரிகளுக்கும் 348 கன அங்குலமுள்ள வேறொரு வார்ப்பை அதே நிறுவனம் செய்தது. முன்னது சின்ன பிளாக் என்றும், பின்னது பெரிய பிளாக் என்றும் வழங்கலாயின. சின்ன பிளாக்கில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்த சிலிண்டரின் நடுவுக்கு 4.4 அங்குலம், பெரியதில் 4.84 அங்குலம். எடையில் வேறுபாடு சுமார் 50 கிலோ.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. 1967இல் அதே சின்ன பிளாக் 350 கன அங்குலமாக வளர்ந்தது. ஆகவே அந்தச் சின்ன பிளாக்கின் உட்கொள்ளளவு, 1958இல் வந்த பெரிய பிளாக்கினதைவிடக் கூடிவிட்டது! பெரியது, சின்னது என்ற சொற்கள் வார்ப்பின் புறவளவையே குறிக்கின்றன. உள்ளே இருக்கும் ஆற்றலை அல்ல என்பது இதனால் விளங்கும். சின்ன பிளாக் குடும்பத்தின் பத்துக் கோடியாவது எஞ்சின் 2011இல் ஆலையைவிட்டு வெளிவந்தது. உலகம் எதை மிகுதியாக விரும்பிற்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எடையைப் பற்றி ஏன் இத்துணை பேச்சு எனின், எஞ்சின் வண்டியின் முன்புறத்தில் உட்காருகிறது. அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவையும் முன்சக்கரத்துச் சுருள்வில் தாங்க வேண்டும். பிரேக் நிறுத்த வேண்டும். ஸ்டீரிங் திருப்ப வேண்டும். மயில் தோகையே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்துகின்றார். அரசனுக்குச் சொன்ன அறிவுரைக்கு அவர் வண்டியை உவமையாக்கினார். நாம் வண்டிக்கே அதைத் திருப்பிக்கொள்வதில் தவறில்லை.

எட்டு ஆறைவிட இலேசான கதை

சென்னைக்குப் போகுமுன் இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சுருங்கக் காண வேண்டும். சென்னைக் காரின் உடல் அங்கிருந்துதான் வந்தது.

எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் கார் 1962இல் வெளிவந்தது. அதன் எஞ்சின் 1,798 சி.சி., நான்கு சிலிண்டர். இந்தியாவின் அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. எஞ்சினும் இதே குடும்பத்துப் பிள்ளை. இன்னும் வேகம் வேண்டும் என்று எண்ணி, 1967இல் அக்காரில் 2,912 சி.சி. கொண்ட ஆறு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சினை ஏற்றி எம்.ஜி.சி. என்று பெயரிட்டனர். பழைய எஞ்சினைவிட இது 90 கிலோவுக்கு மேல் கனத்தது. மூடியின் கீழ் இடம் போதாமல் மூடியிலேயே ஒரு புடைப்பு எழுப்ப வேண்டியதாயிற்று. மூக்குக் கனத்த கார், வளைவில் திரும்ப மறுக்கிறது என்று விமரிசகர் கூறினர். 1969இல் அதன் உற்பத்தி நின்றது.

1973இல் அதே எம்.ஜி.பி. உடலில் 3.5 லிட்டர் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஏறியது. இதுவோ பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒத்த எடையே கொண்டது! காரணம், இதன் பிளாக் அலுமினியம். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1961ஆம் ஆண்டுக் கார்களுக்காகச் செய்து, 1963க்குப்பின் கைவிட்ட எஞ்சின் இது. ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்காவில் ஒரு படகு எஞ்சின் நிறுவனத்தில் இதைக் கண்டு, பெற முயன்றார். 1965இல் உரிமை ரோவருக்குக் கிடைத்தது. ஒருவர் வேண்டாவென்று ஒதுக்கியதை மற்றொருவர் தம் தேவையறிந்து எடுத்துக்கொண்டார்.

இந்த அலுமினிய எஞ்சினை நடுவாக வைத்தே ரோவர் 1976இல் எஸ்.டி.1 என்னும் புதிய காரை வெளியிட்டது. ஐந்து கதவுகள், நீண்ட மூக்கு, 155 குதிரைச் சக்தி. மறு ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதையும் பெற்றது. இந்தக் காரின் உடல்தான் பின்னர்ச் சென்னைக்கு வந்தது. எஞ்சின் வரவில்லை. அதுவே நம் கதை.

கவென்ட்ரியில் பிறந்த எஞ்சின்

சென்னையில் அவ்வுடலுக்குள் எந்த எஞ்சின் ஏறியதோ, அதன் பிறப்பையும் அறிய வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இரண்டு பொருள்களைச் செய்ய முனைந்தது. ஒன்று, ஹாரி பெர்குசன் அமைத்த சிறிய டிராக்டர். மற்றொன்று, வான்கார்டு என்னும் கார். டிராக்டருக்குத் தொடக்கத்தில் அமெரிக்க எஞ்சினைப் பூட்டினர். பிறகு தாமே ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினைச் செய்தனர். அதே எஞ்சின்தான் சிற்சில மாறுதல்களோடு வான்கார்டு காரிலும் ஏறியது.

இந்த எஞ்சினில் ஒரு சிறப்புண்டு. அதன் சிலிண்டர்கள் பிளாக்கோடு சேர்த்துக் குடையப்படவில்லை. தனிக் குழாய்களாக உள்ளே இறக்கப்பட்டன. அவற்றின் புறத்தே குளிர்நீர் ஓடும். குழாய் தேய்ந்தால் உருவிவிட்டு வேறொன்றை இறக்கலாம். குழாயின் விட்டத்தை மாற்றினால் எஞ்சினின் அளவே மாறிவிடும், பிளாக்கு மாறாது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எப்போதும் 92 மில்லிமீட்டர். விட்டம் 80 ஆனால் 1,850 சி.சி.; 83 ஆனால் 1,991 சி.சி.; 85 ஆனால் 2,088 சி.சி.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறாம் ஆண்டு மாணவருக்குச் சற்றுக் கூடுதல் பயிற்சியாக இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஆரம் 4.15 சென்டிமீட்டர். அதை அதனாலேயே பெருக்கி, 22/7ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. அதை உயரம் 9.2ஆல் பெருக்கி, சிலிண்டர் நான்காதலால் நான்கால் பெருக்குக. 1,992க்கு மிக அருகே விடை வரும். கார் விளம்பரத்தில் காணும் சி.சி. என்பது தாம் படித்த கணக்கே என்று அறியும்போது பிள்ளைகள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நான் கண்டிருக்கிறேன்.

முதல் வண்டி: டிராக்டர்

அந்த எஞ்சின் மூன்று வண்டிகளில் மூன்று வகையான வாழ்வு பெற்றது. முதலாவது, பெர்குசன் டிராக்டர். சாம்பல் நிறமுடைய அவ்வண்டி 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எட்மண்ட் ஹில்லாரி தென்துருவத்தை அடைந்தது பெர்குசன் டிராக்டர்களில்தான். நாள், 1958 ஜனவரி 4. வேகம் வேண்டாத வேலை. விடாமல் இழுக்கும் வேலை. மெதுவாகச் சுழன்று வலிவாக இழுக்கும் அந்த எஞ்சினுக்கு அது பொருத்தமான வேலையாக அமைந்தது.

இரண்டாம் வண்டி: பந்தயக் கார்

ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்ட டிரையம்ப் பெயரில் 1953இல் டி.ஆர்.2 என்னும் இருவர் கார் பிறந்தது. பந்தயங்களில் இரண்டு லிட்டருக்குட்பட்டவை ஒரு வகுப்பு. வான்கார்டு எஞ்சினோ 2,088 சி.சி.; எல்லையைச் சிறிது கடந்தது. என் செய்தனர்? 85 மில்லிமீட்டர்க் குழாயை எடுத்துவிட்டு 83 மில்லிமீட்டர்க் குழாயை இறக்கினர். 1,991 சி.சி. ஆயிற்று. கூடுதல் வேண்டி அல்ல, குறைத்துக்கொள்வதற்காகவே எஞ்சினைத் திருத்தினர் என்பதை நோக்குக. எரிபொருள் ஊட்டும் கார்புரேட்டரை இரண்டாக்கி, 90 குதிரைச் சக்தியை வரவழைத்தனர். அக்காரின் எடையோ ஏறத்தாழ 850 கிலோ.

அவ்வாண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டு யாபெக் நெடுஞ்சாலையில், காற்றுத் தடையைக் குறைக்கும் ஒப்பனைகளோடு கென் ரிச்சர்ட்சன் அதை ஓட்டினார். மணிக்கு ஏறத்தாழ 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர். டிராக்டரின் உறவான எஞ்சினா இது என்று கண்டவர் வியந்திருக்க வேண்டும். எஞ்சின் மாறவில்லை. அது தூக்கிச் சுமக்க வேண்டிய உடல் இலேசாயிற்று, அவ்வளவே.

மூன்றாம் வண்டி: சென்னைக் கார்

இனிச் சென்னைக்கு வருவோம். 1948இல் தோன்றிய இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் ஆலை அமைத்தது. கல்கத்தா அருகே அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு என மூன்று கார்களே இந்தியச் சாலைகளில் மிகுதியாகக் காணப்பட்ட காலம் ஒன்றிருந்தது. வான்கார்டு கார்களோடு தொடங்கிய சென்னை ஆலை, பின்னர்ச் சிறிய கார்களுக்கு மாறியது. 1961 முதல் அது செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சி.சி. எஞ்சின் கொண்டது. அதற்கு நான்கு கதவுகள் வைத்த உருவம் இந்தியாவுக்கென்றே அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மருத்துவர், வழக்கறிஞர் வீட்டு வாயில்களில் நின்ற கார் அது. 1970களில் வந்த கஸல் என்னும் காரும் அதே 948 சி.சி. எஞ்சினையே ஏற்றது. சிறிய உடல், சிறிய எஞ்சின், குறைந்த செலவு. மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தன.

1970களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்றது. சில ஆண்டுகள் வேன்களே வெளிவந்தன. பின்பு 1985இல், நிறுவனம் மீண்டும் எழும் முயற்சியாகப் பெரியதொரு காரை வெளியிட்டது. அதுதான் ஸ்டாண்டர்டு 2000. ரோவர் எஸ்.டி.1 உடலே அது. இந்தியச் சாலைகளுக்காகத் தரையினின்று சற்று உயர்த்தியிருந்தனர். நீண்ட மூக்கும் சாய்ந்த முதுகும் கொண்ட அந்தக் கார் போன்ற ஒன்றை இந்திய ஆலைகள் அதற்குமுன் தரவில்லை. அன்று அந்நாட்டில் செய்யப்பட்ட கார்களுள் விலை மிகுந்தவற்றுள் ஒன்றாகவும் அது இருந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது 1,991 சி.சி. எஞ்சின். ஆம், டிராக்டருக்கும் டி.ஆர்.2 காருக்கும் உறவான அதே வான்கார்டு வழிவந்த வார்ப்பு! சக்தி ஏறத்தாழ 83 குதிரை. இங்கிலாந்தில் அவ்வுடலை இழுத்ததோ 155 குதிரை.

ஏன் இப்படிச் செய்தனர்? அவர்களை எளிதில் குறை கூறிவிடலாகாது. அந்நாளைய இந்தியாவில் வெளிநாட்டுச் செலாவணி அருமை. உரிமம் பெற்றே தொழில் நடத்த வேண்டும். உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் வேறு. அலுமினிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வார்க்கத் தனி ஆலையும் பெருமுதலும் வேண்டும். அது குடிக்கும் பெட்ரோலை வாங்குவோரும் அரியர். வான்கார்டு எஞ்சினோ சென்னைத் தொழிலாளருக்குக் கைவந்தது. உதிரிப் பாகம் கிடைக்கும். எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு காரணமும் நியாயமானதே.

ஆனால் வாங்குபவர் காரணங்களை வாங்குவதில்லை, காரை வாங்குகிறார். நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் கிலோ எடைக்கு எத்தனை குதிரை என்பதே அக்கணக்கு. டி.ஆர்.2 காரில் சுமார் 105. எட்டுச் சிலிண்டர் ரோவரில் சுமார் 115. ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள சென்னைக் காரிலோ 64. என் மாணவருடைய பாட்டனாரின் மோரிஸ் மைனரில் 62! தோட்டத்துக் கிராணியின் சிற்றுந்துக்கும் செல்வந்தருக்கென்று வந்த பெருவண்டிக்கும் வேறுபாடு இரண்டே குதிரை. மோரிஸ் மைனரிடம் எவரும் விரைவை எதிர்பார்த்ததில்லை. ஆகவே அது எவரையும் ஏமாற்றவில்லை. சென்னைக் காரின் உருவம் ஒரு வாக்குக் கொடுத்தது. எஞ்சினால் அவ்வாக்கைக் காக்க இயலவில்லை. பழைய எஞ்சினாதலால் பெட்ரோலும் மிகுதியாகவே குடித்தது.

காலமும் எதிராக நின்றது. 1983 டிசம்பரிலேயே மாருதி 800 இந்தியச் சாலைக்கு வந்துவிட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், இலேசான உடல். மக்கள் அதன்பின் வரிசையில் நின்றனர். ஸ்டாண்டர்டு 2000 மூன்றாண்டளவே தாக்குப்பிடித்து, 1988 அளவில் நின்றுபோயிற்று. அதனோடு சென்னை ஸ்டாண்டர்டு என்ற பெயரும் மறைந்தது. நாற்பதாண்டு ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மிஞ்சிய உதிரிப் பாகங்களை இங்கிலாந்து வணிகர் வாங்கிச் சென்று, அந்நாட்டின் பழைய ரோவர்ப் பிரியர்களுக்கு விற்றனர். உடல் எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதன் உறுப்புகள் திரும்பின.

அதே காலத்து இரு கார்கள்

பெரிய உடலில் சிறிய எஞ்சினை வைத்ததே குற்றம் என்று இதனால் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதே ஆண்டுகளில் இந்தியாவில் வந்த வேறிரு கார்களை ஒப்புநோக்குக.

அம்பாசடரைச் செய்த நிறுவனம் 1984இல் காண்டெஸா என்னும் பெரிய காரை வெளியிட்டது. உடல் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால். எஞ்சின் அம்பாசடரின் பழைய 1,489 சி.சி. அதுவும் மூச்சு வாங்கிற்று. ஆனால் அந்நிறுவனத்தார் சில ஆண்டுகளில் தவற்றை உணர்ந்து, ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினர். 50 குதிரை 88 ஆயிற்று. காண்டெஸா 2002 வரை ஓடியது.

பம்பாயில் 1985இல் வந்தது பிரீமியர் 118 என்.இ. உடல் பழைய பியட் 124. எஞ்சின் நிசானின் 1,171 சி.சி. நம் நாட்டு வாசகர்க்கு இந்த எஞ்சின் அந்நியமன்று. டட்சன் 120ஒய் காரின் எஞ்சினே அது. கெடாத் தோட்டப் பாதைகளில் எத்தனை ஆசிரியர்களையும் கிராணிகளையும் அது சுமந்தது! எஞ்சின் சிறிதாயினும் புதியது, இலேசானது, உடலும் இலேசு. அந்தக் காரும் பல ஆண்டு நிலைத்தது.

ஆக, ஒன்று எஞ்சினைப் பெரிதாக்கிப் பிழைத்தது; மற்றொன்று சிறிய எஞ்சினோடு வாழ்ந்தது; மூன்றாவது வீழ்ந்தது. அளவு மட்டுமே விதியானால் இம்மூன்று முடிவுகள் தோன்றியிரா. உடலின் எடை, எஞ்சினின் வயது, வாங்குவோர் பை, அவர் மனத்தில் காரின் உருவம் எழுப்பும் எதிர்பார்ப்பு ஆகிய நான்கும் ஒத்துச் செல்கின்றனவா என்பதே கேள்வி. ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் ஹெரால்டு செய்த நாளில் இந்நான்கையும் ஒத்துவரச் செய்தவர்கள்தாம். பெருமை வேண்டிப் பெரிய உடலையும், சிக்கனம் வேண்டிப் பழைய எஞ்சினையும் ஒருசேரத் தேர்ந்தபோது இரண்டும் கைநழுவின.

மீண்டும் புக்கிட் செலம்பாவுக்கு

இவ்வளவையும் கேட்ட என் மாணவர் சிரித்தார். "ஐயா, சென்னையில் பெரிய உடலில் சிறிய எஞ்சின். நான் செய்யப் போவது நேர் எதிர். சிறிய உடலில் பெரிய எஞ்சின். அதுவும் ரோவரின் அலுமினிய எஞ்சின்தான். எடையும் கூடாதே?" என்றார். கேள்வி கூரியது. விடையை அவருடைய காரின் வரலாற்றிலிருந்தே காட்டினேன்.

அலெக் இசிகோனிஸ் அமைத்த மோரிஸ் மைனர் 1948இல் 918 சி.சி. எஞ்சினோடு வந்தது, 27 குதிரைச் சக்திக்குச் சற்று மேல். 1952இல் அதை எடுத்துவிட்டு 803 சி.சி. எஞ்சினை வைத்தனர், சக்தி 30 ஆயிற்று. வால்வுகளைச் சிலிண்டர்த் தலைக்கு மேலே அமைத்த புதிய முறையே காரணம். சிறியது பெரியதைவிட வலியதாயிற்று! பின்னர் 1956இல் 948 சி.சி.; 1962இல் 1,098 சி.சி., 48 குதிரை. இந்த இறுதி மாற்றத்தின்போது அவர்கள் செய்த மற்றொன்றைக் காண்க. முன்சக்கரப் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். சுமார் பத்துக் குதிரையைக் கூட்டுவதற்கே பிரேக்கைப் பெரிதாக்கியவர்கள், நூறு குதிரைக்கு மேல் கூட்டினால் எதை எதையெல்லாம் மாற்றியிருப்பர்? கியர்ப்பெட்டி, பின்னச்சு, பிரேக், ஸ்டீரிங், குளிர்நீர்த்தொட்டி என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், பாட்டனார் ஓட்டிய கார் என்று சொல்ல அதில் எஞ்சுவது கதவும் கூரையுமே.

அரசின் கணக்கும் ஒன்றுண்டு. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். பதிவேட்டில் புதிய எஞ்சின் எண் ஏற வேண்டும். பின் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் சாதாரணமாகப் பதிவு பெற்ற தனியார் காருக்கு 1,001 முதல் 1,200 சி.சி. வரை ஆண்டுக்கு 55 வெள்ளி. 3,000 சி.சி.யைக் கடந்தால் 2,130 வெள்ளி. அதற்கு மேலும் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 வெள்ளி 50 காசு. ரோவரின் 3,528 சி.சி. எஞ்சினுக்கு 4,506 வெள்ளி ஆகிறது. அமெரிக்கரின் 5,700 சி.சி. சின்ன பிளாக்கானால் 14,280 வெள்ளி! பெயரில்தான் அது சின்னது. ஒருமுறை வாங்கும் எஞ்சினுக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டும்.

நானும் இதில் தவறியவனே என்பதை மறைக்காமல் சொன்னேன். ஆசிரியர் பயிற்சி முடித்து உள்தோட்டப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடன் பயின்றோர் கண்டு மெச்ச வேண்டுமென்று இரண்டு லிட்டர் பழைய கார் ஒன்றை வாங்கினேன். செம்மண் பாதையில் அது இரண்டாம் கியருக்கு மேல் ஏற வாய்ப்பே கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் பெட்ரோலுக்குப் பணமின்றிச் செம்பனைக் காட்டு வழியே சைக்கிளில் பள்ளிக்குச் சென்றேன். கார் வீட்டு வாசலில் நின்றது. அது என்னைச் சுமந்ததைவிட நான் அதைச் சுமந்ததே அதிகம்.

ஆயினும் பெரிய எஞ்சினே கூடாது என்பது என் கருத்தன்று. மலையேறும் லோரிக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். பந்தயத்துக்கென்றே ஒரு வண்டியைச் சட்டத்திலிருந்து கட்டுபவர், தக்க பணமும் அறிவும் உடையவராயின், பெரியதைத் தேர்வதில் பிழையில்லை. அவர் எஞ்சினை முதலில் வைத்து உடலை அதற்கேற்ப அமைக்கிறார். உடலை முதலில் பெற்றவர் எஞ்சினை அதற்கேற்பத் தேர வேண்டும். முறை தலைகீழானால் சென்னையில் நடந்ததே நடக்கும்.

வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்டு ஆலை நின்ற நிலத்தில் பின்னர் அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. சென்னை கார்த் தொழிலை விட்டுவிடவில்லை. 1998இல் சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 999 சி.சி. எஞ்சினோடு சான்ட்ரோ என்னும் சிறிய கார் வெளிவந்து, நாடெங்கும் பரவிற்று. ஹெரால்டுக்கும் அதற்கும் எஞ்சின் அளவில் வேறுபாடு 51 சி.சி.தான். சென்னை முன்பு ஒருமுறை கற்று மறந்த பாடத்தை வேறொரு கை மீண்டும் எழுதிக் காட்டியது.

சென்ற வாரம் என் மாணவரைக் காணச் சென்றேன். கொட்டகையில் பழைய 1,098 சி.சி. எஞ்சினைக் கழற்றிப் பலகைமேல் வைத்திருந்தார். சிலிண்டர்களைச் சற்றே அகலமாகக் கடைந்து புதிய பிஸ்டன் இறக்கப் போவதாகச் சொன்னார். பிரேக்குக்கும் சுருள்வில்லுக்கும் பணம் ஒதுக்கிவிட்டாராம். பிளாக்கின்மேல் படிந்திருந்த பல ஆண்டு எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தவர், ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே உளியால் ஒரு சிறு கோடு வெட்டப்பட்டிருந்தது. எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குப் பாட்டனார் இட்ட அடையாளமாம். எஞ்சின் இன்னும் ஓடவில்லை. தைப்பூசத்துக்குள் ஓட்டிவிடுவேன் என்கிறார்.